எனக்கு எடுத்த கோடி

முதலில் அதை வெற்றிலை எச்சில் என்றுதான் நினைத்தேன். கடலைக்கொடி பிடுங்கும்போது இருமல் வந்தது; துப்பினேன்; மண்ணில் சிவப்பாக விழுந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த கொடியைப் பிடித்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான், அன்று நான் வெற்றிலையே போடவில்லை என்பது உறைத்தது.

வரப்பில் உட்கார்ந்திருந்த என் மகள் வள்ளி, "அம்மா, தூக்கு" என்று கை நீட்டினாள். மூன்று வயது முடிந்திருந்தது. ஓடத் தெரிந்தும் நடக்க மாட்டாள். என் இடது இடுப்பில்தான் அவள் குடித்தனம். அடுப்பு வேலை, சாணி வழிப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் அவளை அங்கே வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால்தான். அன்றும் வாயைத் துடைத்துக்கொண்டு தூக்கி வைத்துக்கொண்டேன். கன்னத்தில் முத்தம் கொடுத்தேனா இல்லையா என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

இந்த நோய் வந்து, ஊரார் சொல்லும் ஆறுதலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடமும் ஆறுதல் இருக்கும் என்று எண்ணி வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நடந்ததைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் தோட்டம் எருத்தேன்பதிக்குக் கிழக்கே இருக்கிறது. கடலை, சோளம், கொஞ்சம் பருத்தி. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பண்ணையம் பார்க்கிறார்கள். ஒரே வளவில் இரண்டு வீடு. நான் பிறந்த வீட்டில் பையன்களோடு உட்கார வைத்து எனக்கும் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்புக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. நோய் வந்துதான் அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

சிவப்பை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வரும். விடிந்தால் ரவிக்கை நனைந்து கிடக்கும். வளையல் முழங்கைப் பக்கம் ஏற ஆரம்பித்தது. ஒருநாள் சோற்றுப் பானையை இறக்கும்போது இருமி, முந்தானையில் பிடித்த ரத்தத்தை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். மறுநாள் காலை வண்டி பூட்டியிருந்தது.

கொச்சி ராஜ்யத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து பிரிட்டிஷ் சீமைப் பாலக்காட்டுக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு இந்தப் பக்கம் ஒருவர் இருமுவார். அந்தப் பக்கம் ஒருவர் பதில் சொல்வது போல இருமுவார். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர்களும் நானும் ஒன்றல்ல என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வீம்பு. உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் அந்த வீம்பு தீர்ந்தது.

டாக்டர் கல்பாத்திக்காரர். சின்ன வயசு, முகத்தில் எப்போதும் ஒரு சிடுசிடுப்பு. முதுகில் குழல் வைத்துக் கேட்டார். கோழையைக் கண்ணாடித் துண்டில் தடவி உள்ளே அனுப்பினார். திரும்பி வந்து, எனக்கு க்ஷயம் (நுரையீரலை அரித்துத் தின்னும் தொற்று நோய்) என்றார். இரண்டு பக்கமும் இருக்கிறது, வலப்பக்கம் அதிகம் என்றார். என் வீட்டுக்காரர் மருந்து கேட்டார்.

"இதுக்கு எங்கிட்ட மருந்து இல்லை. இருக்குன்னு சொல்றவா கிட்டப் போகாதேங்கோ. காத்து, பால், முட்டை, ஓய்வு. குழந்தை இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"இன்னிலேர்ந்து அது ஒங்க கிட்ட வரப்படாது. பாத்திரம், படுக்கை, எதையும் தொடப்படாது. சளி சுத்தமாற வரைக்கும்."

எப்போது சுத்தமாகும் என்று கேட்டதற்கு, அது தமக்குத் தெரியாது என்றார். வெகுதூரத்தில் ஒரு சானடோரியம் (க்ஷயக்காரர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி) இருக்கிறது, ஆனால் அங்கே இடம் கிடைப்பதற்குள் நான் இருப்பேனோ மாட்டேனோ என்றும் சொன்னார். ஒளிக்காமல் பேசும் மனுஷர். அன்றைக்கு அவரை வெறுத்தேன். பிறகு நான் பார்த்த எல்லோரையும்விட அவரே மேல் என்று தோன்றிவிட்டது.

திரும்பி வரும்போது வழியிலேயே என் வீட்டுக்காரர் என் அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அண்ணன் வேலந்தாவளத்துக்கு அப்பால் இருந்தான். கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவனுக்குக் குழந்தை இல்லை. நாங்கள் வீடு சேர்வதற்குள் அண்ணி வந்து வள்ளியைத் தூக்கிக்கொண்டு போயாகிவிட்டது. தூங்கும் குழந்தையைத் தூக்கிப் போனாள், அழவில்லை என்று எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். அதை ஒரு நல்ல சேதி போலச் சொன்னார்கள்.

என்னைக் காட்டுச் சாளைக்கு மாற்றினார்கள். சாளை என்றால் பனையோலை வேய்ந்த ஒற்றை அறை. விளைச்சல் காலத்தில் காவலுக்குப் படுக்கிற இடம். சுற்றிக் கிளுவை வேலி, அதில் நுழைய முள்தட்டிக் கதவாக ஒரு படல். ஒரு கயிற்றுக் கட்டில். படலுக்கு வெளியே ஒரு கல். அந்தக் கல்லின்மேல் என் ஓரகத்தி மாராத்தாள் சோறும் பாலும் வைத்துவிட்டு, குரல் கொடுத்துவிட்டுப் போவாள். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். அக்கா என்று கூப்பிடுவேன். அவள் போன பிறகு நான் போய் எடுத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாடு, மழை, கடலை விலை எல்லாம் சொல்வார். வள்ளியைப் பற்றி நான் கேட்டால்தான் சொல்வார்.

வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுப் போக ஊரில் பலர் வந்தார்கள். எல்லோரும் ஒரே பாட்டு: விதி, ஏத்துக்கோ, எல்லாத்தையும் அந்தப் பழனியாண்டி மேல போட்டுட்டு விட்டுடு. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வார்கள். எதை விட? பிள்ளையை விட்டாகிவிட்டது, வீட்டை விட்டாகிவிட்டது, புருஷன் கல்லுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார். சொல்கிறவர்கள் எதையும் விட்டதாகத் தெரியவில்லை. பேசி முடித்துவிட்டுச் சோளம் அறுக்கப் போனார்கள்.

நோயாளிகளுக்கு ஒன்று சொல்வேன். ஏற்றுக்கொள் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு தூரத்தில் நின்று சொல்கிறார் என்று முதலில் பாருங்கள்.

மழைக்காலம் கழிந்து மறுபடி பாலக்காடு போனபோது எடை இன்னும் குறைந்திருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. படுத்துத்தான் இருக்கிறேன் என்று சத்தியம் செய்தேன்.

"ஒங்களுக்குப் படுத்துக்கத் தெரியலை. கட்டில்ல படுத்துண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, கொழந்தை சாப்பிட்டுதான்னு ஓடிண்டேயிருக்கேள். அது படுக்கையா? ஓட்டம்."

அறைக் கதவைச் சாத்தி, தரையில் பாயை விரிக்கச் சொன்னார். கட்டில் ஆகாது, அது உடம்பைக் குழியாக்கிவிடும், கெட்டியான தரையில்தான் என்றார். மல்லாந்து படுக்க வேண்டும். கால் இரண்டும் கொஞ்சம் விலகி, கைகள் உடம்பை விட்டுத் தள்ளி, உள்ளங்கை மேலே பார்த்து. வாய் லேசாகத் திறந்து. கண் மூடி. கால் கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நினைத்து விட்டுவிட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. கும்பகம் (மூச்சை உள்ளே நிறுத்திப் பிடிப்பது) என் நுரையீரலுக்கு ஆபத்து, வெளியே போகும் மூச்சை மட்டும் நீளமாக விட வேண்டும் என்றார். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது, இடி விழுந்தாலும் அசையக் கூடாது. அவர் தம்முடைய வயிற்று வலிக்காக யாரிடமோ யோகாசனம் கற்றவராம். இது அதில் கடைசி ஆசனம் என்றார்.

அன்று நான் படுத்திருந்ததைச் சுற்றி வந்து பார்த்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"எல்லாம் சரியாருக்கு. இந்த இடது இடுப்பு மட்டும் ஏன் தூக்கிண்டு நிக்கறது?"

"அங்கதானுங்க புள்ளைய வெச்சிருப்பேன்" என்றேன்.

அதுவும் ஒருநாள் இறங்கும், அவசரம் இல்லை என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் அந்த ஆசனத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டார். சவாசனம் என்றார் டாக்டர். அப்படியென்றால்? செத்தவா மாதிரிக் கிடக்கறது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப் போயிற்று. வண்டியில் வரும்போது, "இதெய ஆருகிட்டயும் சொல்லாத. ஊட்ல நோயாளிய வெச்சுக்கிட்டு அந்தப் பேச்சு ஆகாது. ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. அந்த வார்த்தையை வாயால் சொல்ல எனக்கே கூசியது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் படுத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொசுக்கடி, முதுகு வலி, எரிச்சல். டாக்டரைத் திட்டிக்கொண்டே கிடப்பேன். மெல்ல மெல்ல, கட்டைவிரல் விட்டது என்றால் உண்மையாகவே விட்டது. பாதம், கெண்டைக்கால், முழங்கால். மாட்டை விட்டேன், அவர்களே தண்ணீர் காட்டட்டும். வீட்டுக்காரரின் சாப்பாட்டுக் கவலையை விட்டேன். கடலை விலையை விட்டேன், அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கை, தோள், நாக்கு. நாக்கு கீழே இறங்கும்போது தலைக்குள் ஓடும் பேச்சு நின்றுவிடும். இது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இடுப்பு மட்டும் கேட்கவில்லை. அங்கே வந்ததும் வள்ளியின் கால் என் வயிற்றுக்கு முன்னால் தொங்குவதும், குதிகால் வந்து இடிப்பதும் அப்படியே தெரியும். உடம்பு முழுக்க மறுபடி முறுக்கிக்கொள்ளும். விட்டுவிட்டால் அவள் விழுந்துவிடுவாள் என்று இடுப்பு நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அதற்கு எடுத்துச் சொல்லவில்லை. சளி சுத்தமாகும், வள்ளி வருவாள், அது ஒன்றுக்காகத்தான் பாலைக் குடிக்கிறேன், முட்டையை விழுங்குகிறேன், பிணமாகக் கிடக்கிறேன். அதையும் விடச் சொன்னால் பிறகு எதற்கு உயிர் பிழைப்பது?

சாளை சின்னது. கட்டில் கிடந்தால் பாய் விரிக்க இடம் இருக்காது. முதலில் கட்டிலை இழுத்து மூலையில் தள்ளிக்கொண்டிருந்தேன். அதில் மூச்சு இரைத்தது. பிறகு ஒரு நல்ல யோசனை வந்தது. தூக்க முடிந்த அன்று அதை வெளியே இழுத்து, வாசல் சுவரில் நிமிர்த்திச் சாத்தினேன். வெயில் பட்டால் மூட்டைப்பூச்சியும் போகும் என்று எண்ணம். வீட்டுக்காரர் அன்று பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தார்.

எங்கள் பக்கத்தில் உயிர் பிரியப் போகிறவரைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குவார்கள். இறக்கிய கட்டிலை வாசலில் நிமிர்த்தி வைப்பார்கள். பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் கட்டில் நிமிர்ந்து நின்றால், அதற்குமேல் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். நோயாளிக்குத் தன் கட்டில் மூட்டைப்பூச்சிக் கட்டிலாகத்தான் தெரிந்தது. அவ்வளவுதான்.

மாராத்தாள் அக்கா பால் கொண்டு வந்து கல்லில் வைத்தாள். கட்டிலைப் பார்த்தாள். திறந்த கதவு வழியாக என்னைப் பார்த்தாள்: தரையில், மல்லாந்து, கை விரித்து, வாய் திறந்து. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. இடி விழுந்தாலும் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் முழங்கால் வரை நன்றாக விட்டிருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு ஓடும் சத்தம்.

படலுக்கும் எனக்கும் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடி நடந்து வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கும் பிள்ளைகள் இருந்தன. ஆனால் எழுதும்போது அந்தப் பத்தடி எனக்குத் தெரியத்தான் செய்கிறது.

எழுந்து பாலை எடுத்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரரின் அண்ணனும் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நின்ற நிலையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. மாராத்தாள் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அதற்குள் என் அண்ணன் ஊருக்கு எழவு சொல்ல ஆள் போய்விட்டது. அவனைத் திருப்ப இன்னொருவனை ஓடவிட்டார்கள். முதல் ஆள் பள்ளத்துக் குறுக்குவழியில் போய்விட்டான். இரண்டாமவன் வண்டித்தடத்தில் ஓடினான்.

எல்லோரும் கலங்கிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் ஒன்று சட்டென்று உறைத்தது. எழவு என்றால் அண்ணன் வருவான். அண்ணன் வந்தால் வள்ளியைக் கூட்டிக்கொண்டுதான் வருவான். பெற்றவளுக்குப் பிள்ளை வாய்க்கரிசி போட வேண்டாமா? உயிரோடு ஒன்றரை வருஷமாக எத்தனை முறை கேட்டேன், தூரத்தில் நிறுத்திக் காட்டுங்கள் என்று. வேண்டாம், அழும், உனக்கு மனசு கெடும் என்றார்கள். செத்துப்போனேன் என்றதும் வண்டி பூட்டிவிட்டார்கள்.

அது எனக்குத் துக்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. கூசாமல் சொல்கிறேன். வெந்நீர் வைத்துக் குளித்தேன். சலவைச் சேலை ஒன்று இருந்தது, கட்டிக்கொண்டேன். முகத்துக்கு மஞ்சள் பூசினேன், கன்னம் ஒட்டியது தெரியாதிருக்கட்டும் என்று. குங்குமம் பெரிதாக வைத்தேன். வேலியோரம் பூத்திருந்த செவ்வந்தியைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு படலுக்கு வெளியே போய் நின்றேன். ஊர்க்காரர்கள் தள்ளி நின்றார்கள். புருஷன் இருக்கும்போதே போகிற சுமங்கலியை எப்படி அலங்கரித்துக் கிடத்துவார்களோ, அப்படியே என்னை நானே அலங்கரித்திருந்தேன் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

வெயில் தாழ வண்டி வந்தது. ஒப்பாரிச் சத்தம் முன்னால் வந்தது, வண்டி பின்னால் வந்தது. அண்ணியும் இன்னும் சில பெண்களும் இறங்கி மாரில் அடித்துக்கொண்டு நடந்தார்கள். அண்ணன் தோளில் மடித்த அரக்குச் சேலை, செத்தவளுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டார் எடுக்கும் கோடி. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளி. வளர்ந்திருந்தாள். முகம் கொஞ்சம் மாறியிருந்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது, எனக்காக அழுதிருந்தாள்.

அண்ணி என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். ஒப்பாரி பாதியில் அறுந்தது. நான் டாக்டரை மறந்தேன், சளியை மறந்தேன். "வள்ளி, கண்ணு" என்று கையை நீட்டிக்கொண்டு போனேன்.

அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன் கையை உதறிவிட்டு ஓடி, அண்ணியின் கால்களைக் கட்டிக்கொண்டு சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"அத்தே, பேய் வருது. அம்மா செத்துப் போச்சு. அது பேய். ஊட்டுக்குப் போலாம் அத்தே."

வழி நெடுக அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள்: அம்மா செத்துப்போச்சு, அம்மா சாமிகிட்டப் போயிருச்சு, இனி வராது. குழந்தை அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பெரியவர்கள் எங்களுக்கெல்லாம் வராத அந்த ஏற்றுக்கொள்ளல், ஒரு வண்டிப் பயணத்தில் அவளுக்கு வந்துவிட்டது. அதைத் திருப்ப யாராலும் முடியவில்லை. பேயில்லை கண்ணு, அம்மாதான் என்று அண்ணன் சொல்லச் சொல்ல அவளுக்கு வலிப்பு வரும்போல் ஆயிற்று. அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டாள். இடது இடுப்பில்தான் வைத்துக்கொண்டு போனாள்.

அண்ணன் அழுதான். "சாவுச் சேதி வந்து பொழச்சவங்களுக்கு ஆயுசு கெட்டி அம்மிணி" என்றான்.

"நான் செத்தாத்தான் வருவியாண்ணா?" என்று கேட்டேன்.

"புள்ளையக் காப்பாத்தோணுமல்ல. அதுக்குத்தான் வல்லே" என்றான்.

அவன் சொன்னது சரி. அதுதான் ஆத்திரமாக இருந்தது. யாரைப் பார்த்துத் திட்டுவது என்றே தெரியாத கோபம் அது. நோயாளிக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. திட்ட ஒருவர் இருந்தாலாவது இருமிக்கொண்டே திட்டித் தீர்க்கலாம்.

பிறகு கோடியின் பிரச்சினை வந்தது. எழவுக்கென்று எடுத்த கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. யாரும் கட்டிக்கொள்ளவும் கூடாது. எரித்துவிடலாமா, பள்ளத்தில் போட்டுவிடலாமா என்று ஆண்கள் பேசினார்கள். நான் கை நீட்டினேன்.

"எனக்கு எடுத்ததுதான? குடு."

அண்ணன் கொடுக்கத் தயங்கினான். அவன் தோளிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். நல்ல சேலை. உயிரோடு இருக்கும்போது அண்ணன் எனக்கு அவ்வளவு நல்ல சேலை எடுத்ததில்லை.

மறுநாள் மதியம் பாய்க்கு மேல் அதை இரண்டாக மடித்து விரித்துப் படுத்தேன். சந்தையிலிருந்து திரும்பியிருந்த என் வீட்டுக்காரர் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கட்டைவிரல், பாதம், முழங்கால் எல்லாம் சட்டென்று விட்டன. செத்த சேதி போனவளுக்கு இதில் என்ன கஷ்டம்? இடுப்பு மட்டும் முன்னைவிட அதிகமாக முறுக்கிக்கொண்டது.

அந்த ஆசனம் என் நோயைத் தீர்த்தது என்று நான் எழுத மாட்டேன். என்னைவிட நன்றாகக் கிடந்தவர்கள் போயிருக்கிறார்கள். டாக்டரையே கேட்டேன். உங்கள் உடம்பு அந்தப் புண்ணைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டது, அதற்கு நேரம் கிடைத்தது, கிடந்ததால் நேரம் கிடைத்திருக்கலாம், எனக்கும் நிச்சயமில்லை என்றார். இந்த அளவுக்குச் சொன்னதே பெரிது. ஒரு தடவை சளி சுத்தம் என்று வந்தது. மறு தடவையும் வந்தது. இனி குழந்தை கிட்ட வரலாம் என்று அவர் சொன்னபோது, அவர் முகத்தில் அந்தச் சிடுசிடுப்பு இல்லை. வலது நுரையீரலில் பாதி போய்விட்டது. மேடு ஏறினால் நிற்க வேண்டும். மற்றபடி நான் பிழைத்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பினேன். வள்ளி திரும்பவில்லை. வீட்டுக்காரர் கூட்டிவரப் போனார், தனியாக வந்தார். அங்கே பள்ளிக்கூடம் போகிறாள், இப்போது வேண்டாம் என்றார். அடுத்த முறை, உன் பேரைச் சொன்னாலே உதறல் எடுக்கிறது, கொஞ்சம் பெரியவளாகட்டும் என்றார். அதற்கடுத்த முறை ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணி அவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதுவும் உண்மை. என் கோபத்துக்கு எங்கு போனாலும் இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

விசேஷங்களுக்கு அவர்கள் வருவார்கள். வள்ளி தூரத்தில் நிற்பாள். நான் பலகாரம் கொடுத்தால் அண்ணி வாங்கிக் கொடுப்பாள். நானும் கையை நீட்டுவதை நிறுத்தினேன். ஒருமுறை நீட்டியதே போதும்.

சாளைக்குப் போவதை மட்டும் விடவில்லை. வீட்டில் படுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்கள். மதியம் தோட்டத்துக்குப் போய்க் கோடியை விரித்துக் கிடப்பேன். அரக்கு வெளுத்து, நடுவில் நைந்து, என் முதுகு படும் இடமெல்லாம் மெல்லிசாகிவிட்டது. நோய் காலத்தில் ஒரு மதியம் ஒரு வருஷம்போல நீளும். இப்போது கண்ணை மூடினால் வெயில் சுவரில் ஏறிவிடுகிறது. எது நல்லது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

போன மாரியம்மன் சாட்டுத் திருவிழாவுக்கு அண்ணன் வீட்டார் வந்திருந்தார்கள். வள்ளிக்குப் பத்து வயது நெருங்குகிறது. பந்தியெல்லாம் முடிந்து நான் வழக்கம்போல் சாளைக்கு வந்துவிட்டேன். கட்டிலை நிமிர்த்தவில்லை, அங்கே கட்டிலே இப்போது இல்லை. படுத்து, முழங்கால் வரை விட்டிருப்பேன். படலுக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டது, அண்ணியின் குரல். ஊருக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொண்டு போக வந்திருப்பாள். பேச்சு நின்றது. நான் அசையவில்லை.

படல் திறந்தது. காலடி வந்தது. அண்ணியின் காலடி இல்லை, இலேசானது. புதுப் பாவாடையின் கஞ்சி மணம் முதலில் வந்தது. என் தலைமாட்டில் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

என் மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்து நின்றது.

இத்தனை வருஷத்தில் யாரும் நடக்காத அந்தப் பத்தடியை நடந்து வந்திருந்தாள். அவளாக வந்தாளா, அண்ணி அனுப்பினாளா, தெரியாது. இனிக் கேட்கவும் மாட்டேன். கண்ணைத் திறந்தால் ஓடிவிடுவாள். திறக்கவில்லை. உள்ளே இருந்த மூச்சை, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி நீளமாக, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த விரல்மேல் விட்டேன். விரலை அவள் எடுக்கவில்லை. இன்னொரு மூச்சு விடும்வரை இருந்தது.

பிறகு எழுந்தாள். வாசலில் நின்று படல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"மூச்சு இருக்குதும்மா."

அம்மா என்றது அண்ணியை. எத்தனை வருஷமாக அப்படிக் கூப்பிடுகிறாளோ, என்னிடம் யாரும் சொல்லவில்லை. அண்ணி பதறி ஏதோ சொல்லி அவள் வாயை அடக்கினாள். எனக்குக் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது உடம்பு முறுக்கிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். முறுக்கவில்லை. கண்ணோரம் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. ஆனால் இடது இடுப்பு, யாரோ அதிலிருந்து இறங்கிப் போனதுபோல, மெல்லத் தணிந்து தரையில் படிந்தது. நான் விடவில்லை. அது தானாக விட்டது.

வண்டியின் மணிச்சத்தம் தடத்தில் திரும்பி வேலந்தாவளம் பக்கம் போகும்வரை கிடந்தேன். நைந்த சேலைக்கு அடியில் தரை குளிர்ந்திருந்தது. அந்த இடத்தில் தரையின் குளிர்ச்சி எனக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை.